மூன்று லிபிகளில் ஒரு கவிஞர்: கபார்டியக் கவிஞர் அலி ஷொகென்சுகோவ் (1900 – 1941)

நான் படித்த ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையின் நூலகத்திலே பழைய சோவியத் வெளியீடுகள் ஓர் அலுமாரி நிறைய இருந்தன. எவரும் அதிகம் திறக்காத அலுமாரி அது. கிர்கீசிய எழுத்தாளர் ஐத்மாத்தவின் ஆசிரியர் துய்ஷேனை நான் சந்தித்தது அங்கேதான். தாகெஸ்தானின் ரசூல் கம்சாத்தவ் என்ற பெயரைக் கேள்விப்பட்டதும் அங்கேதான். இவ்விருவரும் தமிழ் வாசகர்களுக்குப் புதியவர்கள் அல்லர். ஆனால், கம்சாத்தவின் மலைகளுக்கு மேற்கே, அதே கோக்கசஸ் தொடரின் வட சரிவிலே வாழும் கபார்டியர் என்ற மக்களைப் பற்றியோ, அவர்களுடைய எழுத்திலக்கியத்திற்கு அடித்தளமிட்ட ஒரு கிராமத்து ஆசிரியரைப் பற்றியோ எமது சஞ்சிகைகளில் யாதும் வந்ததாக நான் அறியேன். அந்தக் குறையைச் சிறிதேனும் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

கபார்டியர் என்போர் செர்க்கேசிய இனத்தின் கிழக்குப் பிரிவினர். அவர்கள் தம்மை 'அடிகே' என்றே அழைத்துக் கொள்வர். இஸ்லாமிய வரலாறு கற்றோருக்குச் செர்க்கேசியர் புதியவர் அல்லர். 1382 முதல் 1517 வரை எகிப்தை ஆண்ட புர்ஜி மம்லூக் சுல்தான்களில் மிகப் பெரும்பாலானோர் இவ்வினத்தினரே. எமது நாட்டுக்கும் இவர்களோடு ஒரு தொடர்புண்டு. 1883இல் ஒறாபி பாஷாவுடன் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்ட எகிப்தியத் தலைவர்களுள் ஒருவர் மஹ்மூத் ஸாமி அல்-பாரூதி. எகிப்தின் பிரதமராக இருந்தவர், நவீன அறபுக் கவிதையின் மறுமலர்ச்சிக்கு வழி திறந்தவர் எனப் போற்றப்படுபவர். அவர் செர்க்கேசிய மம்லூக் வழிவந்தவர். கொழும்பிலும் கண்டியிலுமாகப் பதினேழு வருடங்கள் வாழ்ந்து, மனைவியினதும் மகளினதும் மரணச் செய்திகளை இங்கிருந்தே கேட்டு, இரங்கற்பா எழுதியவர். ஒறாபியின் புரட்சி எகிப்திய இராணுவத்திலிருந்த துருக்கிய – செர்க்கேசிய உயரதிகாரிகளின் ஆதிக்கத்துக்கு எதிராகவே வெடித்தது என்பதையும், அவருடன் சிறைப்பட்ட கவிஞர் அதே செர்க்கேசிய இரத்தம் என்பதையும் சேர்த்து நோக்கினால், வரலாறு இலகுவான கோடுகளில் ஓடுவதில்லை என்பது புலப்படும். அது வேறொரு கட்டுரைக்குரிய விடயம்.

செர்க்கேசியருடைய சொந்த மண்ணின் கதை துயரமானது. ருஷ்யப் பேரரசுடனான நீண்ட யுத்தம் 1864 மே மாதத்தில் முடிவுற்றபோது, மேற்குச் செர்க்கேசியாவின் மக்களில் மிகப் பெரும்பகுதியினர் கருங்கடலைத் தாண்டி உஸ்மானிய நாட்டுக்குத் துரத்தப்பட்டனர். வழியிலே பட்டினியாலும் நோயாலும் மாண்டோர் தொகை பெரிது. இன்றைய அம்மான் நகரம் 1878இல் அங்கு குடியேற்றப்பட்ட செர்க்கேசியரால் மீண்டும் ஊராகியது என்பது பலர் அறியாத செய்தி. கபார்டா மட்டும் முன்னரே, 1820களிலே, கொள்ளை நோயாலும் ஜெனரல் யெர்மலோவின் படையெடுப்புகளாலும் அடங்கிப் போயிருந்தது. அதனால் அங்கு ஒரு பகுதி மக்களாவது சொந்தக் கிராமங்களில் எஞ்சினர். 5,642 மீற்றர் உயரமான எல்புறூஸ் சிகரத்தின் அடிவாரத்திலிருந்து ஓடிவரும் பக்ஸான் ஆற்றின் கரைகளில் அவர்களது ஊர்கள் இருந்தன.

அவ்வாறானதொரு ஊரான குச்மசூக்கினோவில், 1900ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம், ஓர் ஏழைக் குடியானவர் வீட்டில் அலி பிறந்தார். அந்த ஊர் இன்று பக்ஸான் நகரத்துடன் இணைந்து விட்டது. அவருடைய குடும்பப் பெயரிலேயே ஒரு சரித்திரம் உறைந்து கிடக்கிறது. 'ஷொகென்' என்பது செர்க்கேசிய மொழியில் கிறிஸ்தவ மதகுருவைக் குறித்த பழைய சொல். 'சுக்' என்பது சிறியது எனப் பொருள்படும் ஒட்டு. 'சின்னப் பாதிரியார்' என்ற பெயரைத் தாங்கிய ஒரு முஸ்லிம் குடும்பத்தின் பிள்ளை, மத்றசாவில் அலிபு எழுதிப் பழகினான்! இஸ்லாம் பரவுமுன் அம்மலைகளில் கிறிஸ்தவம் இருந்ததன் தடயம் இது. மக்கள் மார்க்கத்தை மாற்றிக் கொண்டார்கள், பெயரை மாற்றவில்லை.

அலியின் அதிர்ஷ்டம், அவர் வளர்ந்த காலத்திலே பக்ஸானில் இரண்டு மனிதர்கள் இருந்தமை. ஒருவர் நூரி சாகோவ். புலம்பெயர்ந்த குடும்பமொன்றில் துருக்கியிலே பிறந்து, கற்று, மூதாதையரின் மண்ணுக்குக் கற்பிப்பதற்கென்றே திரும்பி வந்தவர். மற்றவர் ஆதம் திமோவ். இவர் அறபு எழுத்துக்களைக் கபார்டிய மொழிக்கு இசைவாக்கி, பக்ஸானில் ஓர் அச்சுக்கூடத்தையும் நிறுவினார். 1917 – 1918 காலப்பகுதியில் 'அடிகே மக்' (அடிகேயரின் குரல்) என்ற பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. பக்ஸான் மத்றசாவிலே மார்க்கக் கல்வியுடன் தாய்மொழியும் ஏனைய பாடங்களும் போதிக்கப்பட்டன.

தாய்மொழியில் எழுதுவது அந்நாளில் அவ்வளவு சிறிய காரியமன்று. கபார்டிய மொழியில் ஏறத்தாழ 48 மெய்யொலிகள் உண்டு. உயிரொலிகளோ இரண்டா மூன்றா என்று மொழியியலாளர் இன்னும் வாதிடுகின்றனர். 28 எழுத்துக்கள் கொண்ட அறபு நெடுங்கணக்குக்குள் இத்தனை ஒலிகளை அடக்குவதற்கு எத்தனை புள்ளிகள், எத்தனை குறிகள் வேண்டும் என்பதை வாசகர் ஊகித்துக் கொள்ளலாம். ஷோரா நொக்மோவ், காஸி அதாஜுக்கின் ஆகிய முன்னோடிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே இதனோடு மல்லுக்கட்டியவர்கள். ஆனால் அவர்களுடைய முயற்சிகள் பள்ளிக்கூடமாக வளர விடப்படவில்லை. பெக்முர்ஸா பாச்சேவ் (1854 – 1936) என்ற குடியானவக் கவிராயர், தம் பாடல்களை எழுதி வைக்க வழியில்லாததால் தமக்கென்று சொந்தமாகவே ஒரு நெடுங்கணக்கை ஆக்கிக் கொண்டார். எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர், வாசிக்கத் தெரிந்தவரும் அவர் ஒருவர் என்ற நிலையிலும் எழுதிய மனிதரைப் பற்றி நினைக்கும் போதெல்லாம் எனக்கு ஒரு வகையான மரியாதை கலந்த திகைப்பு ஏற்படுவதுண்டு.

பக்ஸானிலிருந்து அலி கிறிமியாவின் பக்சிசறாய் நகருக்குப் படிக்கச் சென்றார். ஆசிரியர்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய ஊர் அது. இஸ்மாயில் கஸ்பிரின்ஸ்கி (1851 – 1914) 1883இல் 'தர்ஜுமான்' பத்திரிகையைத் தொடங்கியதும், 1884இல் 'உஸூலே ஜதீத்' எனும் புதிய முறைப் பாடசாலையைத் திறந்ததும் அங்குதான். 'அலிபு ஸபர் அ' என்று எழுத்தின் பெயரைச் சொல்லிக் கூட்டி ஓதும் முறையை விட்டு, ஒலியிலிருந்து எழுத்துக்குப் போகும் முறையை அவர் கொண்டு வந்தார். நாற்பது நாட்களில் பிள்ளைகள் வாசிக்கத் தொடங்கினர். இம்முறை கசான் முதல் புகாறா வரை பரவி, பழைமைவாதிகளின் எதிர்ப்பையும் ஜாரின் பொலிசாரின் சந்தேகத்தையும் ஒருங்கே சம்பாதித்தது. கஸ்பிரின்ஸ்கி மறைந்த பின்னரே அலி அங்கு சென்றார். எனினும், அந்தச் சூழலில் அவர் பெற்றதைப் பின்னாளில் தம் கிராமப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார் என்பது தெளிவு.

அடுத்தது ஸ்தான்புல். அந்நகரிலே செர்க்கேசியர் பெருந்தொகையாக வாழ்ந்தனர். 1908இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்து, 1911 முதல் 'குவாசே' என்ற பத்திரிகையும் நடத்தினர். ஆயினும், கையில் காசில்லாத பதினேழு வயதுப் பையனுக்கு யுத்தகால ஸ்தான்புல் இரக்கம் காட்டவில்லை. கூலி வேலை செய்து வயிறு கழுவினார். 1917இல் அங்கிருந்து அவர் எழுதிய கவிதைதான் 'நானா'. எமது பேச்சு வழக்கில் நானா என்றால் மூத்த சகோதரன். கபார்டிய மொழியிலோ அது தாயை அழைக்கும் சொல், எமது 'உம்மா' போல. அந்நிய நகரிலிருந்து ஒரு மகன் தாயை நோக்கிப் பேசும் கவிதை அது. ஆனால் தாய் என்பவள் ஒரு பெண் மட்டுமல்லள் என்பதும், அரை நூற்றாண்டுக்கு முன் அதே கடலைக் கடந்து வந்து மண்ணுக்கு ஏங்கியே மாண்ட ஆயிரமாயிரம் பேரின் ஏக்கமும் அந்தப் பையனின் குரலோடு கலந்திருந்தது என்பதும் அச்சமூகத்தார் எவருக்கும் விளங்கும். வேறுபாடு ஒன்றுதான். அவர்களால் திரும்ப முடியவில்லை. அலி திரும்பினார்.

1919இல் ஊர் வந்தபோது உள்நாட்டு யுத்தம் நடந்து கொண்டிருந்தது. அது ஓய்ந்து சோவியத் ஆட்சி நிலைபெற்றதும் அலி கிராமப் பாடசாலை ஆசிரியரானார். இந்தக் கட்டத்தைப் பற்றி நூல்கள் இரண்டு வரிகளில் கூறிக் கடந்து விடுகின்றன. எனக்கோ அங்கேதான் அதிகம் நிற்கத் தோன்றுகிறது. பாடப்புத்தகம் இல்லாத மொழியில் வகுப்பெடுப்பது என்றால் என்ன? கரும்பலகையில் எதை எழுதுவது? பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுக்க ஒரு கதை இல்லை, ஒரு பாட்டு அச்சில் இல்லை. பாட்டிமார் சொல்லும் நார்த்துகளின் காவியக் கதைகள் ஏராளம் உண்டு. ஸொஸ்ருக்கோவின் வீரமும் ஸதனெய்யின் மதிநுட்பமும் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவை வாயில் இருந்தன, தாளில் இல்லை. அத்தலைமுறையின் கபார்டியக் கவிஞர்கள் பலரும் ஆசிரியர்களாக இருந்தது தற்செயல் அன்று. வாசிப்புப் பாடம் வேண்டியிருந்தது, ஆகவே எழுதினார்கள். சிறுவர் இலக்கியம் என்ற தனிப் பிரிவாக அது தொடங்கவில்லை. இலக்கியமே சிறுவர் வகுப்பில்தான் தொடங்கிற்று எனலாம்.

அதற்கிடையில் எழுத்தே மாறியது. 1920களின் முற்பகுதியில் அறபு எழுத்து கைவிடப்பட்டு இலத்தீன் எழுத்து புகுத்தப்பட்டது. திமோவும் சாகோவும் பாடுபட்டு அச்சிட்டவை ஒரு சில வருடங்களில் புதிய மாணவர்களுக்கு வாசிக்க முடியாத தாள்களாகின. அலியும் ஆசிரியர் என்ற வகையில் புதிய எழுத்தைத் தாமும் கற்று, பிறருக்கும் கற்பித்தார். முதிய தலைமுறையின் எழுத்தறிவின்மையை ஒழிக்கும் வகுப்புகள் நடந்த காலம் அது. அறபு எழுத்தில் சரளமாக வாசித்த ஒரு முதியவர் ஒரே இரவில் 'எழுத்தறிவற்றவர்' பட்டியலில் சேர்ந்து விட்டார் என்பதை அக்காலப் புள்ளிவிபரங்கள் சொல்வதில்லை.

அவருடைய பிரதான படைப்புகள் 1920களின் பிற்பகுதியிலிருந்து வருகின்றன. 'மதீனா' என்ற நெடுங்கவிதை, பழைய வழக்கங்களின் பிடியில் அகப்பட்டு நொறுங்கும் மலைநாட்டுப் பெண்ணொருத்தியின் கதை. புதிய ஆட்சி இத்தகைய கதைகளை விரும்பியது உண்மை. ஆனால் மதீனா ஆட்சிக்காக அழவில்லை. அவளுடைய துன்பத்தை ஒரு சகோதரனின் கண்ணால் பார்த்து எழுதியமையாலேயே அது வீட்டுப் பெண்களின் வாயிலும் நிலைத்தது.

1930களின் நடுப்பகுதியில் எழுதப்பட்ட 'கம்பொத்தும் லாஸாவும்' அவருடைய தலையாய படைப்பு. கபார்டிய மொழியில் செய்யுளில் எழுதப்பட்ட முதல் நாவல். பிரபுக்களின் ஆட்சி நிலவிய பழைய கபார்டாவில், கம்பொத் என்ற குடியானவ இளைஞனும் லாஸா என்ற பெண்ணும் கொண்ட காதல்; அதன் குறுக்கே நிற்கும் பிரபுவின் அதிகாரம்; அதற்கெதிராகக் கிளர்ந்தெழும் கிராமம். கதையின் எலும்புக்கூடு எமக்குப் பழக்கமானதுதான். கவனிக்கத்தக்கது செய்யுளின் நடை. அடிகேயரின் பழைய பாடல் மரபிலே ஓரடியின் ஈற்றொலி அடுத்த அடியின் தொடக்கத்தில் எதிரொலிக்கும். தமிழாசிரியருக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை; எமது அந்தாதித் தொடையின் தூரத்து உறவினர் என்று வைத்துக் கொள்ளலாம். ருஷ்யக் கவிதையிலிருந்து வந்த அளவும் இறுதி எதுகையும் அப்போது நாகரிகமாக இருந்தன. அலி அவற்றைக் கற்றார், கையாண்டார். ஆனால் பழைய சங்கிலியை அறுக்கவில்லை. ருஷ்ய மொழிபெயர்ப்பில் வாசிப்போர் இந்த ஒலிக்கட்டை இழந்து விடுகின்றனர். கதை மட்டும் மிஞ்சுகிறது. கபார்டியருக்கு அவர் ஏன் அவ்வளவு பெரியவர் என்பது வெளியாருக்கு முழுவதும் விளங்காமற் போவதற்கு இது ஒரு காரணம்.

குறையையும் சொல்ல வேண்டும். கூட்டுப்பண்ணைகளையும் தலைவர்களையும் புகழ்ந்து அக்காலக் கவிஞர் எல்லோரும் எழுதியது போல் அவரும் எழுதியுள்ளார். அவற்றை இன்று எவரும் விரும்பி வாசிப்பதாகத் தெரியவில்லை. அவரைக் குற்றஞ் சாட்டுவோர் அக்காலத்தையும் நினைக்க வேண்டும். கபார்டினோ – பல்காரியாவின் தலைவராக இருந்து, கவிஞர்களால் ஓயாது புகழப்பட்ட பெத்தால் கல்மீக்கோவே 1938இல் கைது செய்யப்பட்டு 1940இல் சுட்டுக் கொல்லப்பட்டார். படித்தவர் என்ற ஒரே காரணமே அவ்வருடங்களில் ஆபத்தாக இருந்தது. ஸ்தான்புலில் வாழ்ந்தவர், மத்றசாவில் கற்றவர் என்ற இரு 'கறைகளுடன்' அலி எவ்வாறு தப்பினார் என்பதே வியப்பு.

1936இல் மூன்றாவது மாற்றம் வந்தது. இலத்தீன் போய் ருஷ்யரின் கிரில் எழுத்து வந்தது. இலத்தீனிலிருந்து கிரிலுக்கு முதன்முதல் மாற்றப்பட்ட சோவியத் மொழிகளுள் கபார்டிய மொழியும் ஒன்று. இன்றும் அதுவே வழக்கில் உள்ளது. அதில் 59 எழுத்துக்கள். சில ஒலிகளுக்கு நான்கு குறிகளை அடுத்தடுத்து எழுத வேண்டும்! முதலாம் ஆண்டுப் பிள்ளையின் கையை நினைத்துப் பார்க்கிறேன். ஆக, 1900இல் பிறந்த அலி, அறபு எழுத்தில் கற்று, இலத்தீன் எழுத்தில் கற்பித்து எழுதி, கிரில் எழுத்தில் தம் முதிர்ந்த படைப்புகளை அச்சிற் கண்டார். ஒரே மனிதர், ஒரே மொழி, நாற்பது வயதுக்குள் மூன்று லிபிகள். ஒரே வீட்டில் பாட்டனார் ஒரு லிபியிலும், தகப்பனார் ஒரு லிபியிலும், மகன் ஒரு லிபியிலும் எழுத்தறிந்தவர்களாக, ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்க இயலாதவர்களாக இருந்தனர். ஒரு மொழியை அழிப்பதற்கு அதைத் தடை செய்யத்தான் வேண்டுமென்பதில்லை.

1941 ஜூனில் ஹிட்லரின் படைகள் சோவியத் நாட்டுக்குள் புகுந்தன. அலியும் படையிற் சேர்க்கப்பட்டார். நாற்பது வயதைக் கடந்த, பேனை பிடித்த கை. அவ்வருடப் பிற்பகுதியிலேயே ஜேர்மனியரிடம் கைதியாகி, பெலாறூஸின் பொப்ருய்ஸ்க் நகரிலிருந்த கைதிகள் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார். அம்முகாமைப் பற்றிக் கூறுவதென்றால், 1941 இலையுதிர் காலத்திலும் மாரியிலும் சோவியத் போர்க் கைதிகளுக்கு நேர்ந்ததைக் கூற வேண்டும். சுமார் 57 இலட்சம் பேர் யுத்த காலத்திற் பிடிபட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 33 இலட்சம் பேர் உயிர் பிழைக்கவில்லை. மிகப் பெரும்பாலானோரைக் கொன்றது துப்பாக்கியன்று. பசியும், குளிரும், தைபஸ் காய்ச்சலும். பொப்ருய்ஸ்க்கில், அந்த நவம்பர் மாதத்திலேயே கைதிகள் ஆயிரக்கணக்கில் மாண்டனர். அலி ஷொகென்சுகோவ் 1941 நவம்பர் 29ஆம் திகதி அங்கு இறந்தார். மலைநாட்டிலே ஒவ்வொரு குலத்துக்கும் மையவாடி உண்டு. கல்லில் குலக்குறி பொறிக்கும் வழக்கமும் உண்டு. மூன்று லிபிகளில் எழுதத் தெரிந்த அவருக்கு அந்த மையவாடியில் இடம் கிடைக்கவில்லை.

அவர் இறந்து ஓராண்டுக்குள், 1942 ஒக்டோபர் இறுதியில், தலைநகரான நல்சிக்கும் ஜேர்மனியர் வசமாகி, 1943 ஜனவரி தொடக்கத்தில் மீட்கப்பட்டது. அதன் பின் நடந்தது இன்னொரு கொடுமை. கபார்டியரோடு ஒரே குடியரசில் வாழ்ந்த துருக்கிய மொழிபேசும் பல்கார் மக்கள் முழுப்பேரும் 1944 மார்ச் 8ஆம் திகதி, எதிரிக்குத் துணை போனார்கள் என்ற பழியுடன், மத்திய ஆசியாவுக்கு ரயிலேற்றப்பட்டனர். குடியரசின் பெயரிலிருந்தே 'பல்கார்' என்ற சொல் நீக்கப்பட்டது. போர்முனையில் காயப்பட்ட பல்கார் கவிஞர் கைசின் குலியேவ் (1917 – 1985) தம் மக்களோடு கிர்கீசியாவில் நாடுகடந்து வாழ்ந்தார். அலிக்குப் பின் கபார்டியக் கவிதையின் முன்வரிசைக்கு வந்தவர் அலிம் கெஷோகோவ் (1914 – 2001). கவிஞராகவும் நாவலாசிரியராகவும் நாடறிந்தவர். ஒரு பள்ளத்தாக்கின் கவிஞர்களில் ஒருவர் எதிரியின் முகாமில், ஒருவர் சொந்த அரசின் நாடுகடத்தலில், ஒருவர் பதவியில் என்று விதி பிரித்து வைத்தது. பல்காரியர் 1957இல்தான் சொந்தக் குடியரசைத் திரும்பப் பெற்றனர்.

யுத்தத்தின் பின் அலியின் நூல்கள் தொகுக்கப்பட்டன. நல்சிக்கிலுள்ள கபார்டிய அரச நாடக அரங்கு அவர் பெயரைத் தாங்குகிறது. நகரின் பிரதான வீதிகளுள் ஒன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. கபார்டிய மொழிப் பாடநூல்களில் அவர் இல்லாத வகுப்பு அரிது. ஆனால் அப்பாடநூல்களைத் திறக்கும் நேரந்தான் குறைந்து கொண்டு வந்திருக்கிறது. 1960களில் பாடசாலைகளின் போதனாமொழி ருஷ்ய மொழியாயிற்று. கபார்டிய மொழி ஒரு பாடமாகச் சுருங்கியது. 2018இல் ருஷ்ய சமஷ்டி இயற்றிய சட்டம் அப்பாடத்தையும் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டது. நல்சிக்கில் சிறுவருக்கென 'நூர்' என்ற கபார்டியச் சஞ்சிகை வெளிவருவதும், 2010ஆம் ஆண்டுக் கணக்கின்படி ருஷ்யாவில் ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட கபார்டியர் வாழ்வதும் ஆறுதலான செய்திகள். செர்க்கேசியத்தின் உறவு மொழியான உபிக், தன் கடைசிப் பேச்சாளரான தெவ்பிக் எசென்ச் என்ற முதியவருடன் 1992இல் துருக்கியிலே அடங்கிப் போனதை அறிந்தவர்கள், ஐந்து இலட்சத்தைச் சிறிய எண் என்று சொல்ல மாட்டார்கள்.

அதே துருக்கியில் 2012 முதல் அரச பாடசாலைகளிலே செர்க்கேசிய மொழியை விருப்பப் பாடமாகக் கற்க வழி செய்யப்பட்டது. போதிய பிள்ளைகள் விண்ணப்பித்தால் வகுப்பு நடக்கும். வகுப்பு தொடங்கியதோ இல்லையோ, சர்ச்சை தொடங்கி விட்டது. கோக்கசஸிலுள்ளோர் வாசிக்கும் கிரில் எழுத்தில் கற்பிப்பதா, துருக்கியப் பிள்ளைக்குப் பழக்கமான இலத்தீன் எழுத்தில் கற்பிப்பதா? இரு தரப்பாரும் இரு வேறு பாடநூல்களுடன் நிற்கின்றனர். 'நானா' எழுதப்பட்டது ஸ்தான்புலில். அந்நகரின் செர்க்கேசியப் பிள்ளையொன்று நல்சிக்கில் அச்சான பிரதியை இன்று கையிலெடுத்தால், அப்பிள்ளைக்கு முதலில் வேண்டியிருப்பது எழுத்துக்கூட்டிக் கொடுக்க ஓர் ஆசிரியர்.